ஒன்பது மில்லிமீட்டர்

மூன்றாம் மாடியிலிருந்து கூப்பிட்டார்கள்.
பாதி குடித்த கோப்பியை மூடிவைத்துவிட்டு
இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு போனேன்.
அதன் ஒரு சக்கரம் எப்போதும் இடப்பக்கம் இழுக்கும்,
பட்டர்வொர்த் பெர்ரியில் ஏற அடம்பிடிக்கும்
பழைய மோட்டார்சைக்கிள் மாதிரி.

மேசையில் அர்ச்சுணன், நாற்பத்தேழு.
பிறை தொழிற்பேட்டையில் போர்க்லிப்ட் ஓட்டியவர்.
ஓட்டியவர் என்றுதான் பைலில் இருக்கிறது.
விடியற்காலை ஷிப்டில் நாக்கு குழறியது,
பேர் கேட்டால் சிரித்தார்,
பெட்டி அடுக்கில் முட்டி நின்றார்.
குடி என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள்.
குடிக்காதவர்.
மனைவி வாயில் சீனியைத் திணிப்பாள்;
கால் மணி நேரத்தில் திரும்பி வருவார்,
எங்கே போயிருந்தோம் என்று தெரியாமல்.
ஆறு வருஷம் இப்படி.
நடுவில் மனநல வார்டில் பதினொரு நாள்.

சிடி படத்தில் ஒன்றும் இல்லை.
எம்ஆர்ஐ அறிக்கையில் ‘இருக்கலாம்’ என்று ஒரு சொல்.
எழுதியது நான்.

டாக்டர் கோ இரண்டு விரலுக்கிடையில்
கணையத்தை உருட்டித் தேடிக்கொண்டிருந்தார்,
கண்ணை மூடிக்கொண்டு அரிசியில் கல் பொறுக்குகிறவர் போல.
‘தக் அடா,’ என்றார், யாரிடமும் இல்லாமல்.

கணையம்.
கோட்டைக் கதவுக்குக் குறுக்கே இடும் மரத்துக்கும்
நம்மிடம் இதே பேர்தான்.
இரைப்பைக்குப் பின்னால் குறுக்கே படுத்துக்கொண்டு
எதைப் பூட்டி வைத்திருக்கிறாய்?

இளஞ்சூட்டில் உப்புநீர் ஊற்றச் சொன்னேன்.
ரொஹானி கிண்ணம் கிண்ணமாய் ஊற்றினாள்.
இந்த ஒலிக்குக் காற்று ஆகாது,
காற்றில் செத்துப்போகும். நீர் வேண்டும்.
திறந்த வயிற்றில் ஒரு சின்னக் குளம் கட்டி
உறையிட்ட கருவியை,
ஹாக்கி மட்டையின் குட்டி போல வளைந்ததை,
உள்ளே இறக்கினேன்.

விளக்கை அணைத்தார்கள்.

நாய்க்கும் கேட்காத ஒலி.
போய் முட்டி, திரும்பி வந்து, ஒவ்வொன்றாய்ச் சொல்கிறது:
இது கொழுப்பு, இது நாளம்,
இது மண்ணீரலிலிருந்து வரும் சிரை, கறுப்பாய், ஆறு மாதிரி.
வால். உடல். கழுத்து.
ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை.
‘குளுக்கோஸ் இரண்டு புள்ளி எட்டு,’
பிரான்சிஸ்கா சொட்டைக் கூட்டினாள்.

தலைப்பகுதிக்குக் கையைத் திருப்பினேன்.
சாம்பலுக்குள்
கொஞ்சம் அதிகச் சாம்பல்.
அவ்வளவுதான்.
மழைக்கு முன்னால் கடலில் ஓர் இடம் மட்டும் நிறம் மாறுமே,
பாலத்தில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள்,
அப்படி.
மூச்சு விட்டால் கலைந்துவிடும் போலிருந்தது.
அழுத்தினேன், போகவில்லை.
குறுக்கே திருப்பினேன், அங்கேயும் வட்டம்.
அளந்தேன், ஒன்பது மில்லிமீட்டர்.
நாளத்திலிருந்து நான்கு தள்ளி.

‘இருக்கு,’ என்றேன்.
பத்தொன்பது வருஷமாய் அறிக்கை எழுதுகிறேன்.
‘லாம்’ ஒட்டாத சொல்
வாயில் புதுசாய் இருந்தது.

‘நான்குதானா?’
‘நான்கு.’
அவர் கத்தியைக் கேட்டார்.

அதோடு என் வேலை முடிந்தது.
போகாமல் சுவரோரம் நின்றேன்,
கையுறைக்குள் வியர்வையோடு.
செம்பழுப்பாய் ஏதோ கிண்ணத்தில் விழுந்தது;
சத்தமே இல்லை.
பிறகு எண்கள்.
இருபது நிமிஷத்தில் மூன்று புள்ளி ஒன்பது.
சொட்டை நிறுத்திப் பார்த்தார்கள்.
ஐந்து புள்ளி நான்கு.
ஏழு.
யாரும் சீனி கொடுக்காமலே.

நடைக்கூடத்தில் பாக்கியவதி.
கைப்பை வாய் திறந்து கிடந்தது,
உள்ளே கோப்பிக்கடைகளில் எடுத்த சீனிப் பொட்டலங்கள்,
டின் பால் ஒன்று, ஒரு கரண்டி.
நல்லபடி முடிந்தது என்றேன்.
தலையாட்டினாள்.
எவ்வளவு பெருசு என்று கேட்டாள்.
கச்சாங் பூத்தே பொட்டலத்தில் ஒரே ஒரு கடலை,
அந்த அளவுக்கு விரலைக் காட்டினேன்.

என் முகத்தைப் பார்க்கவில்லை.
விரல்களுக்கு நடுவில் இருந்த
அந்த இடைவெளியையே பார்த்தாள்.

‘இதுக்கா,’ என்றாள்,
‘இதுக்கா டாக்டர், அந்தப் பதினொரு நாள்?’